நானும் லியுங் அக்காவின் தொண்ணூறு படிகளும்

சீனாவில் குவாங்சோவுக்கு வந்த புதிதில், முதல் மூன்று மாதம், நான் அழகன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கீரைக்காரி "அழகா, என்ன வேணும்?" என்று கேட்பாள். மீன்காரர் "அழகா, ஒதுங்கி நில்லு, தண்ணி தெறிக்கும்" என்பார். பேருந்தில் என் காலை மிதித்த ஆள்கூட "அழகா, பாத்து நிக்கக் கூடாதா?" என்றுதான் திட்டினான். திருப்பூரில் நாற்பது வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். பெற்ற தாய்கூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அதனால் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தேன். தலைக்குச் சாயம் அடித்தேன். பிறகு ஒரு நாள் அதே கீரைக்காரி, முன்பல் இரண்டும் போய் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஒரு கிழவரைப் பார்த்து, அதே இழுப்போடு "அழகா" என்றாள். அந்த ஊர்ச் சந்தையில் மீசை முளைத்த எல்லோரும் அழகர்கள்தான். தலைச்சாயம் வெளுக்க இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது லியுங் அக்காவின் கதை. நான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரியாமல் உள்ளே வந்தால், என்னைக் கெட்டிக்காரன் என்று தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்காகப் பொத்தான், ஜிப், எலாஸ்டிக் இதையெல்லாம் வாங்கி, தரம் பார்த்துக் கப்பலேற்றுவது என் வேலை. பத்துப் பதினோரு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். குடியிருப்பது ஹைஜூ பக்கத்தில் ஒரு பழைய கட்டடம். ஆறு தளம், தளத்துக்கு இரண்டு வீடு, நடுவே ஒரு படிக்கட்டு. தரைத்தளத்தில் மாக் அண்ணன். அவருக்கு நேர் மேலே நான். உச்சியில் லியுங் அக்காவும் அவள் வீட்டுக்காரர் ஃபோங் அண்ணனும். வந்த அன்றைக்கு என் பேர் குப்புராஜ் என்று மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன். அக்கா வாயைக் கோணி முயற்சி பண்ணிவிட்டு, என்ன வேலை என்று கேட்டாள். பொத்தான் என்றேன். "அப்ப அதுவே போதும்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து கட்டடத்துக்கு நான் பொத்தான்.

அக்காவுக்கு அப்போது அறுபத்தொன்று. பத்தொன்பது வயதில் ஜாவோசிங் பக்கமிருந்து நூல் மில்லுக்கு வேலைக்கு வந்தவள். இருபத்தெட்டு வருஷம் இயந்திரத்தின் முன்னால் நின்றே வேலை பார்த்திருக்கிறாள். மில் சத்தத்தோடு போட்டி போட்டு வளர்ந்த குரல். அவள் ரகசியம் பேசினால் எதிர்க் கட்டடத்தில் ஜன்னல் திறக்கும். கட்டடத்துக்கு அவள்தான் தலைவி. யார் மீன் முள்ளைத் தப்பான தொட்டியில் போட்டது, யார் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, யார் மாமியாரோடு சண்டை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். கீழே நின்று வீட்டு எண்ணைச் சொல்லிக் கத்துவாள். எனக்கு மட்டும் எண் கிடையாது. "பொத்தான், உன் ஜட்டி காத்துல பறந்து வந்துடுச்சு" என்று அறிவிப்பாள்.

ஆனால் வாரத்துக்கு இரண்டு தரம் என் கதவுப் பிடியில் ஒரு சூப் தூக்கு தொங்கும். தனிக்கட்டை, கண்டதையும் வறுத்துத் தின்கிறான், உடம்பு சூடாகிவிடும் என்பது அவள் கவலை. சூடு, குளிர்ச்சி என்று உடம்பைப் பிரித்துப் பேசும் ஊர் அது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் திருப்பூரை விட்டு வந்ததாகவே தோன்றவில்லை.

மற்றதெல்லாம் புதுசு. அதனால் நான் ஒரு கொள்கை வைத்திருந்தேன்: என்ன என்று புரியாவிட்டால், பார்த்து அப்படியே செய்துவிடுவது. எல்லோரும் வெந்நீர் குடித்தார்கள், மே மாதத்தில் நானும் குடித்தேன். பூங்காவில் மரத்தில் முதுகை இடித்துக்கொண்டார்கள், நானும் இடித்துக்கொண்டேன். பெரியவர்கள் பலர் பின்பக்கமாக நடந்தார்கள். முதுகுக்கும் மூட்டுக்கும் நல்லது என்றார்கள். நானும் பின்பக்கமாக நடந்து ஒரு குழந்தை வண்டியில் உட்கார்ந்தேன். நல்லவேளை, வண்டியில் முட்டைக்கோஸ்தான் இருந்தது.

இப்படியிருக்கும்போதுதான் லியுங் அக்கா படிக்கட்டில் இறங்குவதைப் பார்த்தேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்து, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, பின்பக்கமாக, ஒவ்வொரு படியாக. எனக்கு ஒரே மரியாதை வந்துவிட்டது. அவனவன் பூங்காவில் சமதரையில் செய்கிறான், இவள் தொண்ணூறு படியில் செய்கிறாளே என்று வியந்தேன். "நல்ல உடற்பயிற்சிக்கா" என்று பாராட்டினேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஆமா, ரொம்ப நல்லது" என்றாள். மறுநாள் முதல் நானும் பின்பக்கமாக இறங்கினேன். எட்டு மாதம். அவளுக்கு மேலே நாலு படி தள்ளி, அவளைப் போலவே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. கட்டடமே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. நான் என் விடாமுயற்சியைப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன்.

அந்த வருஷம் லிச்சிப் பழக் காலத்தில்தான் வினை வந்தது.

எங்கள் கட்டடத்துக்குக் கைபேசியில் ஒரு குழு உண்டு. முட்டையோ பழமோ மொத்தமாக வாங்க வேண்டுமென்றால் ஒருவர் பட்டியல் ஆரம்பிப்பார். அடுத்தவர் அந்தப் பட்டியலை அப்படியே எடுத்து, அடியில் தன் பெயரைச் சேர்த்து மறுபடி போடுவார். அது வால் போல நீண்டுகொண்டே போகும். என் வீட்டு உரிமையாளர் அம்மா பக்கத்து ஊரான ஃபோஷானில் இருந்தாள். குழுவில் எது வந்தாலும் என் சார்பில் நீயே பதில் போடு, என்னைக் கூப்பிடாதே என்று சொல்லியிருந்தாள். எனக்கோ பேச்சு அரைகுறையாக வரும், படிக்கச் சுத்தமாக வராது. அதனால் கடைசியாக யார் என்ன எழுதியிருக்கிறாரோ அதை அப்படியே எடுத்து, பெயரையும் கதவு எண்ணையும் மட்டும் மாற்றிவிடுவேன். இந்த வழியில் ஒரு தரம் பன்னிரண்டு கிலோ சேப்பங்கிழங்கு வந்து இறங்கியது. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லியுங் அக்கா பட்டியல் ஒன்றை ஆரம்பித்தாள். லிச்சி என்று முடிவு கட்டினேன். பதினோரு பேர் எழுதியிருந்தார்கள். பத்துப் பேர் எழுதியது ஒரே மாதிரி, குட்டை வரி. கடைசியாக மாக் அண்ணன் எழுதியது மட்டும் நீள வரி. இவர் நல்ல ரகமாகப் பார்த்துக் கேட்கிறார் என்று நினைத்து அதையே எடுத்து என் பெயரைப் போட்டேன். கூடவே கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்றையும் சேர்த்தேன்.

லிச்சி வரவில்லை. சூப் தூக்கும் வரவில்லை.

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு பயம் பிடித்துக்கொண்டது. கடுகு தாளிக்கிற வாசம் மேலே போகிறதோ என்று தாளிப்பதை நிறுத்தினேன். குளிக்கும்போது பாடுவதை நிறுத்தினேன். தூக்கைச் சரியாகக் கழுவித் தரவில்லையோ என்று புதுத் தூக்கு ஒன்று வாங்கி அவளிடம் நீட்டினேன். "எங்கிட்டயே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். படிக்கட்டில் நான் பின்னால் இறங்கினால், சுவரோடு ஒதுங்கி நின்று, நீ போ என்று கையைக் காட்டினாள். அவள் குரலில் ஒரு 'பொத்தான்' கேட்டு ஒரு மாதம் ஆயிற்று. சிரிக்காதீர்கள், எனக்கு அழுகையே வந்தது. அந்த ஊரில் என்னைத் திட்டவென்று இருந்தது அவள் ஒருத்திதான்.

அதே சமயம், எந்நேரமும் சாத்தியே இருக்கும் மாக் அண்ணன் கதவு எனக்காகத் திறந்தது. உட்காரச் சொன்னார். ஆரஞ்சுத் தோலை வெந்நீரில் போட்டுக் கொடுத்தார். "இந்தக் கட்டடத்துல முதுகெலும்பு உள்ளவங்க ரெண்டே பேரு தம்பி. ஒண்ணு நான், இன்னொண்ணு நீ" என்றார். எதற்கு என்று தெரியாவிட்டாலும் தலையை ஆட்டினேன். புகழ்ச்சியை யார் வேண்டாம் என்பார்கள்?

மாக் அண்ணனுக்கு உலகத்தில் இருந்தது ஒரே பைத்தியம், ஆரஞ்சுத் தோல். சூப்பில் போடுகிற, மருந்தாகக் குடிக்கிற காய்ந்த தோல். வருஷம் ஏற ஏற மதிப்பு. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் பிறந்த வருஷத்திலிருந்து வருஷத்துக்கு ஒரு ஜாடி, மொத்தம் இருபத்தொன்பது ஜாடி, அலமாரியில் வரிசையாக நின்றன. குளிர்காலத்தில் அவர் ஜன்னலில் பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரைக்கும் வெயில் விழும். அந்த நாலு மணி நேரம்தான் அவருக்கு வருஷம். ஒரு நாள் என்னிடம் குரலைத் தாழ்த்தி, "சரி, உன் தோல் எங்க?" என்று கேட்டார். என்ன தோல் என்றேன். "கூச்சப்படாதே. நல்ல தோல் வச்சிருக்கவன் காட்ட மாட்டான், தெரியும்" என்று தோளைத் தட்டினார்.

எனக்கு இது சரியாகப் படவில்லை. மறுநாள் அலுவலகத்தில் யிங்கிடம் கைபேசியைக் கொடுத்தேன். யிங் எங்கள் கணக்குப் பெண். எனக்கு வரும் கடிதமெல்லாம் அவள்தான் படித்துச் சொல்வாள். படித்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"அண்ணே, உங்க கட்டடத்துல லிஃப்ட் வைக்கலாமான்னு கேட்டிருக்காங்க. பத்து வீடு சம்மதம். நீங்க எதிர்ப்புன்னு எழுதியிருக்கீங்க."

"நானா?"

"காரணமும் எழுதியிருக்கீங்க. லிஃப்ட் கூண்டு வந்தா வெயில் மறைக்கும், ஜன்னல்ல தோல் காயாதுன்னு." கொஞ்சம் தயங்கிவிட்டு, "என்ன தோல்ண்ணே?" என்றாள்.

லிஃப்ட் விவகாரம் எனக்குத் தெரியும். மூன்று வருஷமாக அக்கா அதற்காகத்தான் அலைந்துகொண்டிருந்தாள். ஃபோங் அண்ணன் பேருந்து ஓட்டியவர். பக்கவாதம் வந்து நாலு வருஷமாகக் கீழே இறங்கவில்லை. அவருக்காகத்தான் லிஃப்ட் என்று அக்கா வீடு வீடாகச் சொல்லியிருந்தாள். எழுத்தில் ஒரு எதிர்ப்பு இருந்தாலே அந்தப் பகுதி அரசு அலுவலகத்தில் பேசி முடித்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவார்கள். மாக் ஒருவர்தானே, பேசிக்கொள்ளலாம் என்று அவள் நினைத்திருந்த நேரத்தில், கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு நான் போய்ச் சேர்ந்திருக்கிறேன். அவள் சூப்பைக் குடித்த வாயோடு.

அன்று மாலையே மன்னிப்புக் கேட்க மேலே போனேன். ஒன்றரை வருஷத்தில் என் தளத்துக்கு மேல் நான் ஏறியதில்லை. நாலாவது தளத்தில் மூச்சு வாங்க நின்றேன். உச்சிக்குப் போனபோது எனக்கே நாக்குத் தள்ளிவிட்டது. கதவு திறந்துதான் இருந்தது. ஃபோங் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தாலும் பேச்சு புரிந்தது. அக்கா மருந்து வாங்கப் போயிருக்கிறாள், உட்கார் என்றார். நான் லிச்சிக் கதையை முழுசாகச் சொன்னேன். இனி நான் உயிரைக் கொடுத்தாவது அவரைக் கீழே இறக்கிப் பூங்காவில் உட்கார வைப்பேன் என்று சத்தியம்கூடச் செய்தேன்.

"எனக்கு எதுக்குப்பா லிஃப்ட்?" என்றார் அவர். "முப்பது வருஷம் இந்த ஊரைச் சுத்திச் சுத்தி வண்டி ஓட்டினவன். பாத்தது போதும். எனக்கு இந்த நாற்காலி, இந்தப் பெட்டி, போதும்."

"அப்ப யாருக்குண்ணே?"

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். கீழே படிக்கட்டில் காலடிச் சத்தம். ஒரு அடி. பிறகு ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு அடி. "இப்பதான் உன் வீட்டத் தாண்டுறா" என்றார். நாங்கள் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். "இது மூணாவது மாடி. இப்ப பையக் கீழ வைப்பா." பை வைக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. "இறங்கறது இத விட மோசம். முன்பக்கமா இறங்கினா முழங்கால் தாங்காது. அதான் திரும்பிக்கிட்டு இறங்குறா."

"அது உடற்பயிற்சி இல்லையா?" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, நான் தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. எட்டு மாதமாக ஒரு பொம்பிளை வலி பொறுக்க முடியாமல் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கு நாலு படி மேலே நின்றுகொண்டு அவளைப் போலவே நடித்துக் காட்டியிருக்கிறேன் நான். அந்த நிமிஷம் தரை பிளந்து நேராக மாக் அண்ணன் வீட்டில் போய் விழுந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அக்கா வாசலுக்கு வர இன்னும் அஞ்சு நிமிஷம் ஆயிற்று. உள்ளே வரவில்லை. வெளியே நின்று மூச்சை அடக்கி, முகத்தைத் துடைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி சத்தமாக ஏதோ சொல்லிக்கொண்டு உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள். வீட்டுக்காரரைப் பார்த்தாள். விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லிட்டாரா?" என்றாள். "வெளிய ஒரு வார்த்தை போச்சுன்னா உன்னச் சும்மா விடமாட்டேன். லிஃப்ட் அவருக்குத்தான். அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கேன்."

ஏனக்கா, உங்களுக்கு என்று கேட்டால் என்ன என்றேன்.

"அவருக்குன்னு கேட்டா ஐயோ பாவம்னு கையெழுத்துப் போடுவாங்க. எனக்குன்னு கேட்டா, முடியலைன்னா மகன் வீட்டுக்குப் போம்மான்னுவாங்க. மகனும் அதத்தான் சொல்றான். ஷென்ஜென்ல இருபத்தேழாவது மாடி. அங்க யாரைத் தெரியும் எனக்கு? யாரைத் திட்டுவேன்?" பையிலிருந்து மருந்தை எடுத்து மேஜையில் வைத்தாள். "புதுவருஷம் வரைக்கும்தான் அவங்கிட்ட தவணை கேட்டிருக்கேன். அதுக்குள்ள கையெழுத்து முடியலைன்னா மூட்டையக் கட்டவேண்டியதுதான்."

கீழே வந்ததும் யிங்கைக் கூப்பிட்டு, அவள் சொல்லச் சொல்ல, குழுவில் என் வரியைத் திருத்தினேன். "சம்மதம். லிச்சி என்று நினைத்துவிட்டேன். எனக்குத் தோல் எதுவும் இல்லை." கட்டடம் மூன்று நாள் சிரித்தது. நாலாம் நாள் கதவுப் பிடியில் சூப் தூக்கு தொங்கியது. மாக் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கதவை ஒரு சாண் திறந்து, "லிச்சியா?" என்று கேட்டார். ஆமாம் அண்ணே என்றேன். கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு மாதமாக அந்த மனுஷன் தனக்கு ஒரு துணை கிடைத்துவிட்டதாக நம்பியிருக்கிறார். எனக்கு அவரைப் பிடிக்கும்.

அக்காவின் ரகசியத்தைச் சொன்னால் அவர் மனம் இளகியிருக்கும். ஆனால் வாயைக் கட்டிவிட்டாளே. தினமும் அவர் கதவைத் தட்டினேன். ஃபோங் அண்ணன் பாவம் என்றேன். "அவரு தொலைக்காட்சிய விட்டு வரமாட்டாரு, எனக்குத் தெரியாதா?" என்று உள்ளிருந்தே பதில் வந்தது. கடைசியில் ஒரு நாள், யோசிக்காமல், மொட்டைமாடியில் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் வெயிலடிக்குதே அண்ணே, உங்கள் நாலு மணி நேரத்தை விட அது மேலாயிற்றே என்று சொல்லிவிட்டேன்.

கதவு திறந்தது. "யாரு தூக்கிட்டுப் போவா?"

"நான்தான்."

"எட்டுத் தட்டு. காலைல ஏத்தணும், சாயங்காலம் இறக்கணும். பனி படக் கூடாது."

"சரிண்ணே."

"இந்தக் குளிர்காலம் பாக்கறேன். தோல் நல்லா வந்தா கையெழுத்து. லிஃப்ட் வந்த பெறகும் ஒரு குளிர்காலம் நீதான் தூக்கணும். ஏமாத்த மாட்டேன்னு எனக்கு எப்படித் தெரியும், நீதான் லிச்சிக்காரனாச்சே."

அந்தக் குளிர்காலம் நாற்பத்தாறு வெயில் நாள். தட்டுகளை இரண்டு நடையாகத் தூக்கிக்கொண்டு தொண்ணூறு படி, மாலையில் மறுபடி தொண்ணூறு படி இரண்டு நடை. முதல் வாரம் முடிவில் நானே பின்பக்கமாகத்தான் இறங்கினேன். இந்த முறை யாரையும் பார்த்து அல்ல. அப்போதுதான் அந்தக் கைப்பிடி எத்தனை இடத்தில் ஆடுகிறது, எந்தத் தளத்தில் விளக்கு எரியாது என்றெல்லாம் எனக்குத் தெரிந்தது. மாக் அண்ணன் மணிக்கு ஒரு தரம் தோலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அலுவலகத்திலிருந்து எப்படி எடுப்பது? அக்காதான் மேலே ஏறி எடுத்து அனுப்பினாள், தன் எதிரியின் தோலை, முணுமுணுத்துக்கொண்டே. புதுவருஷத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மாக் அண்ணன் ஒரு தோலை ஒடித்து மோந்து பார்த்தார். உள்ளே போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, சம்மதத் தாளில் சிவப்பு மையில் கட்டைவிரலை அழுத்தினார். "லிஃப்டுக்காக இல்ல. தோலுக்காக" என்றார்.

கட்டி முடிக்கப் பத்து மாதம் ஆயிற்று. அந்தப் பத்து மாதத்தில் அக்கா தினமும் மூன்று தரம் இறங்கியது இரண்டாகி, பிறகு ஒன்றாயிற்று. மகன் இரண்டு தரம் காரோடு வந்து நின்றான். இரண்டு தரமும் அவனைத் திட்டி அனுப்பினாள். அவள் காய்கறியை நான் வாங்கிக் கொடுத்தேன். கெட்டுப்போனதாகப் பார்த்து வாங்குகிறேன் என்று அதற்கும் திட்டினாள்.

நவம்பரில் லிஃப்ட் ஓட ஆரம்பித்தது. சிவப்புத் துணி கட்டி எல்லோரும் கீழே கூடி நின்றோம். அக்கா ஃபோங் அண்ணனை நாற்காலியோடு இறக்கிக் கொண்டுவந்தாள். கை தட்டினார்கள். அவர் வாசல் மரத்தை, தெருவை, எங்கள் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "சரி, பாத்தாச்சு. மேல கொண்டுபோ, செய்தி போட்டுடுவான்" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மாக் அண்ணனின் தட்டுகளோடு நான் ஏறிக்கொண்டிருந்தேன். எங்கள் தளம் லிஃப்டுக்குப் பங்கு கட்டாததால் எனக்கு அதைத் திறக்கும் அட்டை கிடையாது. நாலாவது தளத்தில் அக்கா எதிரே வந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு, பின்பக்கமாக. எனக்கு ஒன்றும் புரியவில்லை. லிஃப்ட் இருக்கிறதே அக்கா என்றேன்.

"அது அவருக்கு" என்றாள்.

பிறகுதான் தெரிந்தது. வாசல் பெஞ்சில் காலையில் நாலு பெண்கள் உட்காருவார்கள். அதில் ஒருத்தி, ஃபோங்குக்குன்னு அழுது வாங்கினாங்க, இனி யாரு நாள் முழுக்க ஏறி இறங்குறாங்கன்னு பாப்போம் என்று சொல்லியிருக்கிறாள். அது அக்கா காதில் விழுந்துவிட்டது. மூன்று வருஷம் வீடு வீடாகக் கெஞ்சி, பத்து மாதம் புழுதி தின்று வாங்கிய லிஃப்ட், காலியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்திலேயே படியில் வலியோடு இறங்கிக்கொண்டிருந்தாள். அஞ்சு நாள் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அவளைத் தூக்கி உள்ளே போட்டுக் கதவைச் சாத்தலாமா என்றிருந்தது. மகன் மறுபடி வரப்போகிறான் என்று ஃபோங் அண்ணன் சொல்லியிருந்தார். இந்தத் தரம் அவள் திட்டுவாளா என்று அவருக்கே சந்தேகம்.

ஆறாம் நாள் தட்டுகளை மொட்டைமாடியில் பரப்பிவிட்டு, கீழே போகாமல், அவள் வாசலில் லிஃப்ட் கதவுக்கு முன்னால் நின்றேன். அவள் பையோடு வெளியே வந்தாள்.

"அக்கா, கால் வலிக்குது. லிஃப்ட்ல இறக்கி விடுங்க."

அட்டையை நீட்டினாள். "இந்தா, போ."

"தனியாப் போகப் பயமா இருக்குக்கா."

"நீ வேலை பாக்கறது இருபத்திரண்டாவது மாடியில."

"அங்க கூட்டமாப் போவோம். கூட்டத்துல பயமில்ல. தனியா உள்ள நின்னா மூச்சு முட்டுது."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் என் வாழ்நாளில் கண்ணைத் தாழ்த்தாமல் சொன்ன ஒரே பொய் அதுதான்.

"கீழ அவளுங்க கேப்பாளுங்க" என்றாள்.

"பொத்தானுக்குப் பயம்னு சொல்லுங்க. நம்புவாங்க."

"நம்புவாங்க" என்றாள், ஒரு வினாடிகூட யோசிக்காமல்.

உள்ளே வந்தாள். கதவு மூடியதும் பக்கத்துக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். லிஃப்ட் இறங்கியது. எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை அவளுக்கு, சும்மா நின்றால் போதும். அதுதான் தாங்கவில்லை போல. மூன்றாவது தளம் வருவதற்குள் அழுதுவிட்டாள். நான் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படிக்கிற மாதிரி நின்றேன். எனக்குப் படிக்கத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

கதவு திறந்தபோது அவள் முகம் பழையபடி இருந்தது. பெஞ்சைப் பார்த்து, மில் குரலில், "இந்த ஆளுக்கு லிஃப்ட்னா பயமாம். நான் கூட வந்தாத்தான் ஏறுவானாம். இனிமே இவனுக்காக நான் ஏறி இறங்கணும், என் தலையெழுத்து" என்றாள். நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பயத்துக்கு எந்த சூப் நல்லது என்று ஒருத்தி சொன்னாள். மாக் அண்ணன் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, லிச்சிக்காரன்கிட்ட வேற என்ன எதிர்பாக்க முடியும் என்றார்.

அக்கா சந்தைப் பக்கம் நாலு அடி நடந்தாள். பிறகு திரும்பி வந்து, என் காதோரம், அவள் குரல் அவ்வளவு தணியும் என்று எனக்கு அதுவரை தெரியாது, "நாளைக்கும் பயப்படு" என்றாள். "ஏழு மணிக்கு."

எட்டு வருஷமாகிறது. இன்றைக்கும் காலை ஏழு மணிக்கு எனக்குப் பயம் வந்துவிடுகிறது.